சப்ஜெக்ட்: ஆண், வயது 28

டிசம்பர் 4

எஸ்தர் மேடம் இன்று வகுப்பில் சொன்னார்: "மத்தவங்க மனசைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்க மனசை எழுதிப் பாருங்க. தினமும் நாலு வரி போதும். நான் வாங்கிப் படிக்க மாட்டேன். மார்க்கும் கிடையாது."

மார்க் கிடையாது என்றதும் பாதி வகுப்பு பேனாவை மூடிவிட்டது. நான் எழுதுகிறேன். பேச ஆள் இல்லாததால் அல்ல. சும்மாதான்.

நான் தாரணி. பி.எஸ்சி. உளவியல், கடைசி வருடம். கல்யாணம் ஆகி ஒரு மாதம். பிறந்தது லால்குடி, வாழ்க்கைப்பட்டது குளித்தலை, படிப்பது திருச்சியில், மூன்றையும் இணைப்பது ரயில்வே. படிப்பை முடிக்க விட வேண்டும் என்பதுதான் கல்யாணத்துக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை. அப்பாதான் அவர்களிடம் பேசினார். "எல்லாம் பேசியாச்சு, சரின்னுட்டாங்க" என்றார்.

ஆனால் பல்கலைக்கழகம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. டிகிரி வேண்டுமென்றால் பத்து சோதனைகள் செய்து ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கல்யாண லீவில் வருகைப் பதிவு கீழே போய்விட்டது, அதற்கு அபராதம் கட்டி மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். போன வருடம் கோட்டை விட்ட புள்ளியியல் அரியரை எழுதியாக வேண்டும். மனசைப் படிக்க வந்தவளைக் கணக்கு போட வைத்தது யார் யோசனையோ.

டிசம்பர் 9

வீட்டு நிலவரம். மாமனார் இல்லை. அத்தைக்குத் தொண்டையில் மைக் செட். "பூபதீ, சாப்பிட வா" என்றால் எதிர் வீட்டுக்காரரும் கை கழுவிவிடுவார். அன்பானவர்தான். என்னிடம் பேசும்போது மட்டும் சாதாரணக் குரல்.

பூபதி, அதாவது என் கணவர், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவர் வேலை. ஒரு படத்தில் பின்னால் நிற்கிற யாரோ ஒருவர் கண்ணை மூடியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பெண்டாட்டி கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இன்று அடுப்படியிலிருந்து மூன்று தடவை "என்னங்க" என்றேன். அசையவில்லை. முன்னால் போய் நின்றதும், "அட, எப்ப வந்தே?" என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம்.

டிசம்பர் 17

சோதனைகளுக்கு ஒரு சப்ஜெக்ட் வேண்டும். அதாவது, நாம் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொள்கிற ஒரு மனிதர். வகுப்புத் தோழிகளை வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கு விடை தெரியும். பத்துக்கும் ஒரே ஆள் என்றால் மேடத்துக்கு ரொம்பப் பிடிக்கும்.

"வீட்லயே ஒரு முழு ஆம்பளைய வெச்சுக்கிட்டு ஏன்டி தேடறே?" என்றாள் ஃபௌசியா. என் பக்கத்து இருக்கைக்காரி. அவளுடைய சப்ஜெக்ட் அவள் அண்ணன். ஒரு சோதனைக்கு ஒரு பிரியாணி என்று பேசி வைத்திருக்கிறான்.

சாப்பாடு பரிமாறும்போது கேட்டேன். எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் வருகிறது.

"நான் பரீட்சை எழுதணுமா?"

"எழுத வேண்டாம். நான் சொல்றதைச் செஞ்சா போதும்."

"அதைத்தானே ஒரு மாசமா பண்றேன்" என்றார்.

அத்தை சிரித்தார். நானும்.

டிசம்பர் 20

கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனை. காகிதத்தைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். ஃபௌசியாவின் அண்ணன் வரைந்தது நண்டு மாதிரி இருந்ததாம். பூபதி இரண்டாவது முறையிலேயே அச்சடித்த மாதிரி வரைந்துவிட்டார். "போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்ணு" என்றார். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. அறிவியல் பெருமை.

ஜனவரி 5

இன்று நினைவுத்திறன் சோதனை. முதலில் எண்களை அட்டையில் காட்டினேன். ஒன்பது இலக்கம் வரை தடங்கலில்லாமல் சொன்னார். மேடமே அதிசயப்படுவார்.

அடுத்தது வாயால் வாசிக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து விடை ஊகிக்கக் கூடாது என்று விதி, அதனால் ஒரு அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசித்தேன். நாலு இலக்கத்துக்கே தடுமாறினார். ஏழு என்றால் எட்டு என்கிறார். "அட்டையை இறக்கேன்" என்றார். விதியை விளக்கினேன். "சரி" என்று சொல்லிவிட்டு அப்புறமும் ஏனோதானோ என்று சொல்லிக்கொண்டே போனார்.

அட்டையில் பார்த்து ஒன்பது சொல்கிற மனிதருக்கு, பெண்டாட்டி வாயால் சொன்னால் நாலு நிற்காதா? என் குரல் அவ்வளவு அலட்சியமா?

ஜனவரி 6

பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஜனவரி 17

தலைப்பொங்கலுக்கு லால்குடி போய் வந்தோம். அம்மா பால் பொங்கும்போது என்னை அவர் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னாள். மாப்பிள்ளை என்றால் அம்மாவுக்கு இப்போது உயிர்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்கிட்ட நல்லா இருக்காராம்மா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கார். நான் பேசினா காதிலயே வாங்கிக்கிறதில்ல, அவ்வளவுதான்."

அப்பாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "கொஞ்சம்... எதிர நின்னு, சத்தமாப் பேசிப் பாரேன்" என்றார். மேலும் என்னவோ சொல்ல வந்தார். அம்மா வடைக்குக் கூப்பிட்டாள், போய்விட்டார்.

அப்பாவும் அவர் கட்சி. கல்யாணமானதும் பெண்தான் சத்தமாகப் பேசப் பழக வேண்டும் போல.

பிப்ரவரி 3

இன்று எங்கள் கல்லூரிக்கு ஓர் ஆண் வந்தார். பெண்கள் கல்லூரியில் அது செய்தி. எதிர்வினை நேரம் பார்க்கும் கருவியை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அதனால் சப்ஜெக்டை ஆய்வகத்துக்கு அழைத்துவர பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கியிருந்தேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். தாழ்வாரம் முழுக்கத் தலைகள். "சப்ஜெக்ட் சூப்பரா இருக்கே" என்று யாரோ கத்தினாள். இவர் திரும்பவே இல்லை. அந்த ஒரு முறை மட்டும் அவர் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

சோதனை எளிது. விளக்கு எரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அடுத்த சுற்றில் விளக்குக்குப் பதில் பஸ்ஸர். மனிதர்களுக்குப் பொதுவாகச் சத்தத்துக்குத்தான் கை முதலில் போகும், வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தாமதம். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

விளக்குக்கு மின்னல் மாதிரி அழுத்தினார். பஸ்ஸருக்கோ ஆற அமர. சில தடவை அழுத்தவே இல்லை. பிறகு திடீரென்று சரியாக அழுத்த ஆரம்பித்தார். பார்த்தால், நான் சுவிட்சைத் தட்டும்போது என் தோள் அசைவதைப் பார்த்து அழுத்துகிறார்! நடுவில் திரையைப் போட்டேன். மறுபடி பழைய கதை.

"விளையாடாதீங்க. எனக்கு இது டிகிரி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் விளையாடலயே" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

பிப்ரவரி 4

ஃபௌசியா சொன்னாள்: "சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து எழுதிடு. எல்லாரும் அதான் பண்றாங்க. புத்தகத்தில இருக்கிற மாதிரி வந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

எழுதியிருப்பேன். அதற்குள் எஸ்தர் மேடம் என் அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டார். நினைவுத்திறன் சோதனையையும் எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக ஒப்பிட்டார்.

"கண்ணால பார்த்தா முதல் வகுப்பு. காதால கேட்டா ஃபெயில். ரெண்டு சோதனையிலயும். உன் சப்ஜெக்டுக்குக் காது டெஸ்ட் பண்ணியிருக்கா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவர் வேணும்னே..."

"வேணும்னேன்னு இந்த அட்டவணையில எங்கம்மா இருக்கு?" என்றார் மேடம்.

பிப்ரவரி 5

நேற்று ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

போன் எடுக்காமல் வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் போடுவது. ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பது. அத்தையின் மைக் செட். எதிரே உட்கார்ந்தால் மட்டும் வருகிற பதில். "அட்டையை இறக்கேன்."

மூன்று வருடமாக உளவியல் படிக்கிறேன். புத்தகத்தை ரயிலிலேயே வைத்துவிட்டு இறங்கலாமா என்றிருந்தது.

பிப்ரவரி 7

மேடம் சொல்லிவிட்டார்: "காரணத்தை எழுதினாத்தான் இந்த ரிசல்ட் நிக்கும். ஆனா சப்ஜெக்டோட சம்மதம் இல்லாம அவர் உடம்பைப் பத்தி ஒரு எழுத்து எழுதக் கூடாது. அவர்கிட்ட கேளு. இல்லேன்னா வேற ஆளை வெச்சுப் பத்து சோதனையையும் முதல்லேர்ந்து பண்ணு."

கல்லூரியிலிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒரு வளைகாப்பு ஆல்பத்தில் வளையல்களுக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்காதா?"

அவர் மௌஸை விட்டார். "இது என்ன கேள்வி?"

"பதில் சொல்லுங்க."

"உனக்குத்தான் தெரியுமே. ஏழு வயசில காய்ச்சல் வந்து போச்சு. பேச்சு முக்கால்வாசி உதட்டைப் பார்த்துத்தான் புரியும். மிஷின் போட்டா நல்லாக் கேக்கும்."

"எனக்குத் தெரியுமா? யாரு சொன்னா எனக்கு?"

"உங்க அப்பாகிட்ட அம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க. பொண்ணு கிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன்னு சொன்னார். அடுத்த வாரம் வந்து, சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம்னார்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா காதில மிஷினைப் பார்த்தா அவளுக்கு ஒரு மாதிரி இருக்குமாம், கொஞ்ச நாளைக்குப் போடாம இருங்க மாப்பிள்ளைன்னார். அதான் கழட்டி வெச்சேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். சின்ன டப்பாவில் பருப்பு அளவில் இரண்டு மிஷின்.

எனக்குப் பிடிக்காது என்று மூன்று மாதம் இந்த மனிதர் ஊமைப் படம் பார்த்திருக்கிறார். நான் அவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு யாரும் சொல்லல" என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"அப்போ நீ தெரியாமத்தான் கழுத்தை நீட்டியிருக்கே." டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்போ தெரிஞ்சாச்சு. இப்போ யோசி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. உங்க வீட்ல நான் பேசிக்கிறேன், உன் மேல ஒரு பேச்சு வராது. ரெக்கார்டில என்ன வேணா எழுதிக்கோ. சம்மதம்."

அப்புறம் வளையல்களுக்கு நிறம் ஏற்றப் போய்விட்டார். பச்சை வளையலுக்குச் சிவப்பை ஏற்றினார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 9

லால்குடி. அப்பா செய்தித்தாளை மடிக்கவில்லை, அதற்குப் பின்னால் இருந்தார்.

"ஏன்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பே."

"வேண்டாம்னு சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம் இல்லையா?"

"நல்ல பையன் தாரணி. விசாரிச்ச அத்தனை பேரும் ஒரே வார்த்தை. இவ்வளவு நல்ல பையனை இந்த ஒரு காரணத்துக்காக நீ தட்டிவிட்டுடக் கூடாதுன்னு..."

"அதோட அவர் காதையும் மூடிட்டீங்க. எனக்குப் பிடிக்காதுன்னு என் வாயால நான் சொன்ன மாதிரி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோபம் வந்தால் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். அம்மா வீட்டின் மேலேயே கோபம் என்றால் எங்கே போவது? வேறு போக்கிடம் இல்லாமல் குளித்தலைக்கே வந்து சேர்ந்தேன். அத்தை ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றினார்.

பிப்ரவரி 11

சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நிஜம். அதனால் அப்பா செய்தது சரியாகிவிடாது. இதுவும் நிஜம். இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்வதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தேர்வுக்கு வந்தால் எட்டு மார்க்.

பிப்ரவரி 20

பூபதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. புள்ளியியலுக்கு வரைபடம் போடத் திணறிக்கொண்டிருந்தேன், வந்து பார்த்துவிட்டு மணி வடிவ வளைகோட்டை ஒரே இழுப்பில் வரைந்து கொடுத்தார். இப்போதெல்லாம் அவரோடு எதிரே உட்கார்ந்துதான் பேசுகிறேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அவர் இருக்கும் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இதனால் இரண்டு தடவை தாளிப்பு கருகிவிட்டது. இதற்கெல்லாம் அர்த்தம் எதுவும் இல்லை.

மார்ச் 2

இன்று காலை அவர் கிளம்பும்போது வாசலில் மறித்தேன்.

"அந்த டப்பா எங்கே?"

"ஸ்டூடியோவில."

"எடுத்துட்டு வாங்க. போடுங்க. நான் பாக்கணும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது போட்டுக்கொண்டு வந்தார். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தை மட்டும் பழைய ஞாபகத்தில் "பூபதீ" என்று முழங்க, இவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"பேசு" என்றார் என்னிடம்.

"என்ன பேச?"

அவர் கண் விரிந்தது. "இதுதான் உன் குரலா?"

"ஏன்?"

"இவ்வளவு கீச்சுன்னு இருக்கும்னு நினைக்கல. நான் என்னவோ கனமா, ஆல் இண்டியா ரேடியோ மாதிரி நினைச்சுட்டு இருந்தேன்."

நாலு மாதமாக ஒரு கம்பீரக் குரல்காரியோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். சிரித்தேன். சிரிப்பைக் கேட்டு, "இது பரவாயில்ல" என்றார். அதற்கு மேல் அது சிரிப்பா அழுகையா என்று எழுத மாட்டேன். அத்தை எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் தனியாகப் பதில் சொல்லவில்லை. தேவைப்படும் என்றும் தோன்றவில்லை.

மார்ச் 12

பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பெரிய மீசை. ஃபௌசியாவின் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, "இதே எண்களைப் போன வருஷமும் பார்த்த ஞாபகம்" என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தார்.

"எல்லாருக்கும் சத்தத்துக்குத்தான் கை முந்தும். உனக்குத் தலைகீழா வந்திருக்கு. கருவி தப்பா, நீ எழுதினது தப்பா?"

எஸ்தர் மேடம் மூலையில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ரெண்டும் இல்ல சார். சப்ஜெக்டுக்குக் கேட்கும் திறன் குறைவு. அதை முன்னாடியே விசாரிக்காம சோதனை பண்ணினது என் தப்பு. தெரிஞ்ச பிறகு மிஷின் போட்டுத் திரும்பப் பண்ணியிருக்கேன், அடுத்த பக்கம் சார். சம்மதம் வாங்கித்தான் எழுதியிருக்கேன்."

பக்கத்தைத் திருப்பினார். இந்த முறை சத்தத்துக்கும் கை வேகமாகப் போயிருந்தது.

"தெரியறதுக்கு முன்னாடி இந்த ரிசல்டைப் பத்தி என்ன முடிவுக்கு வந்தே?"

"சப்ஜெக்ட் திமிர் பிடிச்சவர்னு சார்."

மீசை அசைந்தது. "இப்போ?"

"அது இந்தச் சோதனையில வராது சார்."

கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 24

புள்ளியியல் அரியர் எழுதிவிட்டேன். வளைகோடு கேட்டிருந்தான். ஒரே இழுப்பில் போட்டேன். மற்றதெல்லாம் கடவுள் விட்ட வழி.

ஜூன் 14

முடிவு வந்துவிட்டது. எல்லாம் பாஸ். புள்ளியியலில் எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு. ஃபௌசியா போனில் அழுதாள், அவளும் பாஸ்.

சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். அப்பா. பிப்ரவரிக்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அம்மா போன் செய்தால் எடுப்பேன், அப்பா வாங்கினால் வைத்துவிடுவேன். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. அத்தையாகத்தான் இருக்கும். கையில் இனிப்புப் பெட்டி. படியேறாமல் செருப்போடு நின்றார். நான் அடுப்படியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளியே வரவில்லை. பூபதி கூடத்தில் ஏதோ படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். குனிந்தபடியே வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. தெருவில் தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது.

பூபதி அதற்கு முன்பே கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அடுப்படிக்கு வந்தார்.

"மாமா வாசல்ல நின்னு உன்கிட்ட ஒண்ணு சொன்னார். கேட்டுச்சா?"

"இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு."

"என்ன சொன்னார்?"

"அவரால இன்னொரு தடவை சொல்ல முடியாது. நான் சொன்னா நல்லா இருக்காது. கேட்டுச்சுன்னு வெச்சுக்கோயேன்."

காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்குகிற வரை நின்றேன். பிறகு கூடத்துக்குப் போய், உள்ளே வந்து உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எதிரே நின்றுகொண்டு, "சர்க்கரை எவ்வளவு போடட்டும்பா?" என்று கேட்டேன்.